கட்டிலருகே ஒரு பாடவேளை: வாசகர் கேள்வி பதில்

குழந்தைகள் வார்டிலும் வீடுகளிலும் நோயுற்ற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை, இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 9 வயது. ரத்தப் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் வகை என்றார்கள். சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “முதலில் உடம்பு தேறட்டும், படிப்பை அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள் வீட்டில். அவனோ புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறான். இப்போது பாடம் நடத்துவது அவனைக் கொடுமைப்படுத்துவது ஆகுமா?
— ஒரு தாய்

பதில்: ஆகாது அம்மா. அந்தப் பையை அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள்.

“உடம்பு தேறட்டும்” என்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்குச் சிகிச்சை முழுவதும் முடிய 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். முதல் சில மாதங்கள்தான் மிகக் கடுமையானவை. அதன்பின் மாத்திரைகளோடு நடக்கும் கட்டத்தில், டாக்டர் அனுமதியோடு பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பும் நாளில் வகுப்பில் நடப்பது ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தால், நோய் கொடுத்த வலியோடு இன்னொரு வலியும் சேர்ந்துகொள்ளும். இப்போது நடத்தும் பாடம் அதற்காகத்தான்.

எப்போது நடத்துவது என்பதை மருந்தின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டாக்டரிடம் சிகிச்சைத் தேதிகளைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். பல கீமோ மருந்துகளுக்குப் பிறகு ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் வெளியாள் யாரும் வர வேண்டாம், பாடம் போனில் நடக்கட்டும். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் பசியும் எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்து பிள்ளையை ஆட்டிவைக்கும். நோட்டைத் தூக்கி எறிந்தால் அது அவன் குணம் அல்ல, மருந்தின் வேலை. அன்றைக்கு ஒரு கதையை நீங்கள் வாசிக்க அவன் கேட்டாலே அது வகுப்புதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யலாம். பென்சில் பிடி தளரும், கையெழுத்து கோணும். அழகாக எழுதச் சொல்லி அதட்டாதீர்கள். தடிமனான பென்சில் கொடுங்கள், முடியாத நாளில் அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

ஒரு வேளைக்கு 20 நிமிடம் போதும். தொடங்கும் முன் “இப்போது படிக்கலாமா?” என்று அவனிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஊசியையும் டிரிப்ஸையும் அவன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பாடத்தையாவது சொல்லட்டும். இதே காரணத்துக்காக, ஊசி போடும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை ஆசிரியர் ஒருபோதும் செய்யக் கூடாது. கட்டிலருகே வருகிறவர்களில் வலி தராத ஒருவராக அவர் இருந்தாக வேண்டும்.

கேள்வி: என் தங்கைக்கு 13 வயது, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். மெஷினில் இருக்கும்போதே பாடம் நடத்தலாமா?
— ஓர் அண்ணன்

பதில்: டாக்டரும் நர்ஸும் சரி என்றால் நடத்தலாம். ஆனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆக ரத்த அழுத்தம் இறங்கலாம், தலைவலியும் தசைப்பிடிப்பும் வரலாம். அப்போது பாடம் மனதில் ஏறாது. ஊசி ஏறியிருக்கும் கை அசையக் கூடாது என்பதால், அந்தக் கை இல்லாத பக்கம் ஆசிரியர் உட்காரட்டும். ஒற்றைக் கையால் எழுதும்போது தாள் நழுவும், கிளிப் வைத்த அட்டை ஒன்று வாங்கிக்கொடுங்கள். எழுத நிறைய இருக்கும் கணக்கை மெஷின் இல்லாத நாளுக்கு வைத்துக்கொண்டு, வாசிப்பதையும் பேசுவதையும் இங்கே நடத்துங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை தேர்வு எதுவும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நோயுற்ற பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லித்தர விருப்பம். வகுப்பறையில் நடத்தியதையே நடத்தினால் போதுமா, வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: போதாது ஐயா. உங்களுக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. எதை நடத்துவது என்பதைவிட எதை விடுவது என்பதைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். வரலாற்றில் ஒரு பாடத்தை விட்டால் அடுத்ததைப் படித்துவிடலாம். கணக்கில் அது நடக்காது. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதம் புரியாது, விகிதமும் எதிர்ம எண்களும் தெரியாமல் இயற்கணிதத்துக்குள் போக முடியாது. ஆகவே அடுத்த ஆண்டு எதன்மேல் நிற்கப்போகிறதோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் 20 கணக்கு இருந்தால் வகைக்கு ஒன்றாக 4 போதும்.

ஆனால் பள்ளியோடு உள்ள தொடர்பை மட்டும் கொஞ்சமும் குறைக்காதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதல் நாளே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். இந்த வாரம் என்ன நடக்கிறது, என்ன ஹோம்வொர்க் என்று கேளுங்கள். பிள்ளை எழுதியது வகுப்பாசிரியர் கைக்குப் போய், அவர் திருத்தித் திரும்பி வர வேண்டும். தன் டீச்சரின் சிவப்பு மையில் ஒரு வரி வந்தால் பிள்ளைகள் எத்தனை முறை அதை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நீங்கள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அந்த ஒரு வரியை உங்களால் கொடுக்க முடியாது.

உடல்நல விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லேசான ஜலதோஷம் இருந்தாலும் போகாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் உடனே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பிருந்தே பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைக்கு அது உயிர் ஆபத்து. நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் வந்தபின் அப்படித் தெரியவந்தாலும் தயங்காமல் போன் செய்யுங்கள், டாக்டர் உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு.

மூளையில் கட்டி வந்த பிள்ளைகளிலும், தலைக்குக் கதிர்வீச்சோ தண்டுவட நீரில் மருந்தோ பெற்ற பிள்ளைகளிலும் சிலருக்குக் கவனமும், கேட்டதை மனதில் நிறுத்தும் திறனும், யோசிக்கும் வேகமும் குறையலாம். சில வேளை சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படும். விடை தெரியவில்லையா, நேரம் போதவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். கடிகாரத்தை எடுத்துவிட்டு அதே கணக்கைக் கொடுத்தால் தெரிந்துவிடும். நேரம்தான் குறை என்றால் அதை எழுத்தில் பள்ளிக்குக் கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அது உதவும்.

கேள்வி: வகுப்பை வீடியோவில் காட்டினால் போதாதா? தனியாக ஓர் ஆசிரியர் எதற்கு?

பதில்: வகுப்போடு ஒட்டியிருக்க வீடியோ நல்லது. கற்பிக்க அது மட்டும் போதாது. 40 பேருக்காக நடக்கும் பாடத்தில், மருந்து மயக்கத்தில் இருக்கும் பிள்ளை எந்த இடத்தில் நழுவினாள் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டால் முகம் ஊதியிருக்கும்போது கேமராவைப் பார்க்கவே பலர் கூசுவார்கள். நார்வேயில் உருவான ஏவி1 என்ற சிறிய ரோபோவை வகுப்பில் பிள்ளையின் மேசையில் வைத்தால், பிள்ளை வகுப்பைப் பார்க்கலாம், பேசலாம், ஆனால் வகுப்பு பிள்ளையைப் பார்க்க முடியாது. பிள்ளை கை தூக்க விரும்பினால் ரோபோவின் தலையில் விளக்கு எரியும். அது கிடைக்காத இடத்தில் சாதாரணப் போன் போதும், பிள்ளையின் பக்கத்துக் கேமராவை அணைத்து வைக்க அனுமதி கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தச் சோகை நோய். ரத்தம் ஏற்றிய வாரம் சுறுசுறுப்பாகப் படிக்கிறாள், போகப் போக மந்தமாகிவிடுகிறாள். அலட்சியம் என்கிறார் ஆசிரியர்.

பதில்: அலட்சியம் இல்லை. ஹீமோகுளோபின் இறங்க இறங்க அசதியும் கவனக்குறைவும் வரத்தான் செய்யும். 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவது வழக்கம் என்பதால், அந்தத் தேதிகளை ஆசிரியரிடம் முன்கூட்டியே கொடுங்கள். புதிய பாடமும் தேர்வும் ஏற்றிய பிறகு வரும் நாட்களில் அமையட்டும். ஏற்றுவதற்கு முந்தைய நாட்கள் திருப்புதலுக்கு.

கேள்வி: வருகை நாட்கள் குறைவு என்று மகனின் பெயரை நீக்கப்போவதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டிருக்காமல் எழுத்தில் கேளுங்கள். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. நோய் வந்தால் அந்த உரிமை போய்விடும் என்று அதில் எங்கும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கான சாசனம் ஒன்றை நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடிய ஐரோப்பிய அமைப்புகள் எழுதின. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற விளையாட்டும் கல்வியும் வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. மற்றபடி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கல்வி அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள்.

டாக்டரின் கடிதம்தான் உங்கள் கையில் உள்ள பெரிய பலம். “ஓய்வு தேவை” என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எத்தனை வாரம் வர இயலாது, நாளுக்கு எவ்வளவு நேரம் படிக்க முடியும், எந்த உதவி வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் படித்த பாடங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மகனின் பெயர் மட்டும் பள்ளிப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும், அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள்.

கேள்வி: என் 15 வயது மாணவிக்கு இனி குணமாக வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வேதியியல் நடத்துங்கள் என்று கேட்கிறாள். என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறேன்.
— வீட்டுக்குப் போய்ப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை

பதில்: நடத்துங்கள் அம்மா. அவள் கேட்ட வேதியியலையே நடத்துங்கள். ஓர் அமர்வுக்குள் முடியும் சிறிய பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் எதுவும் பாதியில் நிற்காது. தப்பை தப்பு என்றே திருத்துங்கள். பரிதாபத்தில் முழு மதிப்பெண் போட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், அந்த நிமிடமே நீங்கள் அவளுடைய ஆசிரியை இல்லை என்றாகிவிடும். இப்படி ஒரு பெண் என்னிடம் முதல் 20 தனிமங்களின் இணைதிறனைத் தான் ஒப்பிப்பதாகவும் நான் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள், நான் கேட்டு முடித்ததும் அடுத்தது என்ன என்றாள். அவள் அந்த ஒரு மணி நேரம் நோயாளியாக இல்லை.

தேர்வு எழுதுவேனா என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பெற்றோரோடும் டாக்டரோடும் பேசி, அவளுக்கு என்ன தெரியும், என்ன சொல்லலாம் என்று முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அழுகை வரும். எனக்கும் வரும். யாரிடமாவது மனம் விட்டுப் பேச ஓர் ஆளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: சில மாதங்களுக்குப் பின் மகன் பள்ளிக்குத் திரும்புகிறான். முடி இன்னும் வளரவில்லை. வகுப்பில் எப்படிச் சொல்வது? டியூஷனை நிறுத்திவிடலாமா?

பதில்: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதலில் அவனிடம் கேளுங்கள். அவன் சம்மதித்ததை வகுப்பாசிரியர் ஒருநாள் முன்னதாகப் பிள்ளைகளிடம் சொல்லட்டும்: புற்றுநோய் ஒட்டாது, முடி மருந்தினால் உதிர்ந்தது, மறுபடி வளரும், யாருக்காவது அம்மை வந்தால் உடனே டீச்சரிடம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

டியூஷனை நிறுத்தாதீர்கள். பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய அன்றே பலர் நிறுத்திவிடுகிறார்கள், உண்மையில் அப்போதுதான் அது மிகவும் தேவைப்படும். முதலில் அரை நாள் மட்டும் போகட்டும். பாடப் புத்தகங்கள் இரண்டு செட் இருந்தால், ஒன்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் பை சுமக்காமல் போகலாம். மாடி ஏற வேண்டியிருந்தால் வகுப்பைக் கீழே மாற்றித் தரும்படி கேளுங்கள். கழிவறைக்குக் கேட்காமலே போக அனுமதி வாங்குங்கள். அந்த அரை நாளில் எந்த வேளைக்குப் போகலாம் என்று அவனையும் கேளுங்கள். கணக்கு வேளையைச் சொல்லாமல் இடைவேளையைச் சொன்னால் மறுக்காதீர்கள், நண்பர்களைப் பிரிந்திருந்த பிள்ளை அவன்.