எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி: உள்ளே போட்ட ஹார்டு டிஸ்க் தானாக மவுண்ட் ஆக – வேலூர் வட்டாரக் கேள்வி பதில்

எஃப்எஸ்டேப் என்பது பூட்டின்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் திறப்பது (மவுண்ட்) என்று லினக்ஸ் பார்க்கும் பட்டியல் ஃபைல். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும் இது பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். யுயுஐடி என்ற சொல் பெரிய எழுத்து. வேறு விதிவிலக்கு வந்தால் அங்கேயே சொல்கிறேன்.

காட்பாடி: அண்ணா, ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல 1 டிபி டிஸ்க் ஒண்ணு கூடுதலா போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஃபைல் மேனேஜர்ல கிளிக் பண்ணாத்தான் திறக்குது. ஆன் பண்ணும்போதே வரணும்.

பதில்: தம்பி, முதலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் அடியுங்கள். எந்த பார்ட்டிஷன், என்ன ஃபைல் சிஸ்டம், அதன் யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) என்ன என்று மூன்றும் தெரியும். யுயுஐடியைக் கையால் எழுதாதீர்கள், காப்பி செய்யுங்கள். அடுத்து சூடோ எம்கேடிர் /எம்என்டி/டேட்டா என்று ஒரு காலி ஃபோல்டர். /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சூடோ நேனோவில் திறந்து கடைசியில் இந்த ஒரு வரி:

யுயுஐடி=(உங்கள் எண்) /எம்என்டி/டேட்டா ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

வரியில் ஆறு கட்டங்கள், நடுவில் இடைவெளி. நோஃபெயில் என்றால் டிஸ்க் வராவிட்டாலும் பூட் நிற்காது. டிஃபால்ட்ஸ் என்பதற்கும் நோஃபெயிலுக்கும் நடுவில் கமா மட்டும்தான். அங்கே ஒரு ஸ்பேஸ் விழுந்தால் நோஃபெயில் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டு, வரியே கோணிவிடும். கடைசி 2, பூட்டின்போது ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) பிறகு இதைச் சோதிக்கச் சொல்கிறது. ரூட்டுக்கு 1, என்டிஎஃப்எஸ்ஸுக்கு (விண்டோஸ் ஃபைல் சிஸ்டம்) 0.

சேவ் செய்ததும் ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு சூடோ மவுண்ட் -ஏ. எதுவும் சொல்லாமல் திரும்பினால் சரி. சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை அடித்தால் எழுத்துப்பிழையையும் காட்டும். இங்கே பிழை வந்தால் ஒரு நிமிட வேலை. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும்.

சத்துவாச்சாரி, டிடிபி சென்டர்: விண்டோஸும் மின்ட்டும் ஒரே மெஷின்ல இருக்கு சார். டி டிரைவ் மின்ட்ல திறக்குது, ஆனா பத்திரிகை டிசைனை சேவ் பண்ணப் போனா "ரீட் ஒன்லி"னு சொல்லுது. எஃப்எஸ்டேப்ல ஆர்டபிள்யூ போட்டும் கேக்கல.

பதில்: வரியில் தப்பில்லை சார். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. கெர்னலை அப்படியே டிஸ்கில் உறைய வைத்துவிட்டுப் போகிறது. திறந்திருந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களும் பாதி மூடாத நிலையில் நிற்கும். அதன் மேல் லினக்ஸ் எழுதினால் ஃபைல்கள் சிதையும், அதனால்தான் எழுத விடாமல் மறுக்கிறது. ஃபோர்ஸ் போட்டுத் திறக்கச் சொல்லும் யோசனைகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வாடிக்கையாளரின் வேலை அதில் இருக்கிறது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் அடியுங்கள். சிஹெச்கேடிஎஸ்கே டி: /எஃப் ஒருமுறை ஓட்டி, ஷட்டவுன் செய்துவிட்டு மின்ட்டுக்கு வாருங்கள். என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸ் உரிமையாளர் கிடையாது என்பதால் அதை எஃப்எஸ்டேப் வரியின் நாலாவது கட்டமான ஆப்ஷனிலேயே சொல்ல வேண்டும்: யுஐடி=1000,ஜிஐடி=1000,யுமாஸ்க்=022,நோஃபெயில். 1000 பொதுவாக முதல் பயனருடைய எண். ஐடி என்று அடித்துச் சரிபாருங்கள். 5.15 கெர்னலில் என்டிஎஃப்எஸ்3 டிரைவர் வந்துவிட்டது. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜியும் நன்றாகவே ஓடும்.

ஆம்பூர்: ஆபீஸ் சிஸ்டத்துல எஃப்எஸ்டேப்ல யுயுஐடிக்குப் பதிலா எஸ்டிபி1னு போட்டு ரெண்டு வருஷம் ஓடிச்சு. நேத்து இன்னொரு டிஸ்க் சேர்த்ததும் கருப்பு ஸ்கிரீன், "எமர்ஜென்சி மோட்".

பதில்: எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் கெர்னல் கண்டுபிடித்த வரிசையில் வைக்கும் பெயர். புது டிஸ்க் வந்தால் வரிசை மாறும். ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / அடியுங்கள். நேனோவில் அந்த வரியின் முன்னால் # போட்டு ரீபூட். ரூட் பூட்டியிருக்கிறது என்று சொன்னால் லைவ் யுஎஸ்பியில் போய் அதே திருத்தம். பிறகு யுயுஐடி, நோஃபெயில், மவுண்ட் -ஏ.

குடியாத்தம், ஃபோட்டோ ஸ்டுடியோ: எல்லாருக்கும் நோஃபெயில் போடச் சொல்றீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பேக்கப் டிஸ்க்குக்கு நோஃபெயில் போட்டா, டிஸ்க் வராத அன்னைக்கும் மெஷின் ஒண்ணும் நடக்காத மாதிரி பூட் ஆகும். ராத்திரி பேக்கப் எடுக்கிற ஆர்சிங்க் ஓடி, அதே ஃபோல்டர்ல, அதாவது 120 ஜிபி எஸ்எஸ்டியில கொட்டும். காலையில ரூட் ஃபுல். பூட் நிக்கட்டும், அப்பவாவது தெரியும்.

பதில்: நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. இன்னொன்றும் உண்டு: நோஃபெயில் போட்டால் சிஸ்டம்டி (பூட்டில் சர்வீஸ்களை எழுப்புவது) அந்த மவுண்ட்டுக்காகக் காத்திருக்காது. டிஸ்க் நன்றாக இருந்தாலும் சாம்பா (ஃபைல் ஷேரிங் சர்வீஸ்) அதற்கு முன்பே எழுந்துவிடலாம். ஆனால் நோஃபெயில் இல்லாவிட்டால், டிஸ்க் காணவில்லை என்றால் 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகும். கரண்ட் போய் வந்து மெஷின் தானாக எழும் நேரத்தில், மானிட்டர் இல்லாத சர்வர் அங்கேயே நிற்கும். எஸ்எஸ்ஹெச்சும் (தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வழி) வராது. ஒரு டேட்டா டிஸ்க்குக்காக மொத்த மெஷினும் முடங்க வேண்டியதில்லை.

குடியாத்தம்: முடங்கினா ஆள் போய்ப் பார்ப்பான். சத்தமில்லாம தப்பான இடத்துல எழுதினா யார் பார்ப்பா?

பதில்: அப்படியானால் தப்பான இடத்தில் எழுத முடியாமல் செய்வோம். டிஸ்க் அன்மவுண்ட் ஆகியிருக்கும்போது காலி ஃபோல்டரின் மேல் சூடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/பேக்கப். அதன் பிறகு டிஸ்க் இல்லாத நாளில் ரூட் பயனரால்கூட அங்கே ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. டிஸ்க் வந்தால் வழக்கம்போல மேலே மவுண்ட் ஆகும். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் கட்டளையாக மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் || எக்ஸிட் 1. சிஸ்டம்டி சர்வீஸாக ஓடினால் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/பேக்கப் (இந்தச் சொல்லில் ஆர், எம், எஃப் மூன்றும் பெரிய எழுத்து). வரிசைச் சிக்கலும் இதில் தீரும். இந்த மூன்றும் இல்லாமல் பேக்கப் டிஸ்க்குக்கு நோஃபெயில் மட்டும் போடுவது தவறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேலே உள்ள பதில்களைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ராணிப்பேட்டை: சார், உள்ளே இருக்கும் டிஸ்க் தானா மவுண்ட் ஆக என்ன செய்யணும்?

பதில்: முதல் பதில்.

ஆற்காடு: ஈஎக்ஸ்டி4 டிஸ்க்ல "பெர்மிஷன் டினைட்" வந்துச்சு. யுஐடி=1000 சேர்த்தேன், இப்ப மவுண்ட்டே ஆகல. "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்".

பதில்: யுஐடி ஈஎக்ஸ்டி4க்குக் கிடையாது, எடுத்துவிடுங்கள். மவுண்ட் ஆன பிறகு ஒரே ஒரு தடவை சூடோ சிஹெச்ஓடபிள்யூஎன் (உங்கள் பெயர்): /எம்என்டி/டேட்டா. உரிமை டிஸ்கிலேயே பதிந்துவிடும். மவுண்ட் ஆவதற்கு முன்னால் அடித்தால் காலி ஃபோல்டருக்குத்தான் போகும், பலனில்லை.

ஆரணி: ஃபோல்டர் பேர்ல நடுவுல ஸ்பேஸ் இருக்கலாமா?

பதில்: ஸ்பேஸ் வரும் இடத்தில் \040 என்று எழுத வேண்டும். பெயரில் ஸ்பேஸே வேண்டாம்.

போளூர்: டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணினேன், அதுக்கப்புறம் வரல.

பதில்: ஃபார்மேட் செய்தால் யுயுஐடி மாறும். புதியதை எடுத்து மாற்றி, டீமன்-ரீலோட், மவுண்ட் -ஏ. ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்.

வாணியம்பாடி: டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது, சில நாள் மவுண்ட் ஆகுது, சில நாள் ஆகல. எந்த ஆப்ஷன் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். எஃப்எஸ்டேப் வரியை எடுத்துவிட்டு, மவுண்ட் ஆகும் நாளில் முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். ஸ்மார்ட்சிடிஎல்லில் டிஸ்கின் உடல்நிலை பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

வாலாஜா: டெர்மினல் இல்லாம முடியுமா? ஆட்டோ மவுண்ட் பண்ண வேற வழி?

பதில்: டிஸ்க்ஸ் செயலியில் பார்ட்டிஷனைத் தேர்ந்து, பல்சக்கர மெனுவில் எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ், யூசர் செஷன் டிஃபால்ட்ஸை அணையுங்கள். அதுவும் எஃப்எஸ்டேப்பில்தான் எழுதுகிறது. ஆகவே அதற்கும் மவுண்ட் -ஏ.

குடியாத்தம்: சிஹெச்ஏடிடிஆர் +ஐ போட்டேன். இப்ப பேக்கப் டிஸ்க்லயே புது ஃபோல்டர் உருவாக்க முடியல.

பதில்: டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போது அடித்துவிட்டீர்கள், அந்தக் கொடி டிஸ்கின் மேல்நிலை ஃபோல்டரில் ஒட்டிக்கொண்டது. இப்போதே -ஐ கொடுத்து எடுங்கள். யுமவுண்ட் /எம்என்டி/பேக்கப், ஃபைண்ட்எம்என்டியில் அது இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்எஸ் -ஏ அடித்து, பழைய ராத்திரிகளில் எஸ்எஸ்டியில் கொட்டியது ஏதாவது அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு +ஐ, பிறகு மவுண்ட் -ஏ.