ரோமர் காலம் தொட்டு ஸ்பெயினின் சுரங்கத் தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

சுரங்க வரலாறு என்றாலே எத்தனை டன் தங்கம், எத்தனை டன் செம்பு என்றுதான் கணக்குச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், உள்ளே இறங்கியவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாம் நூற்றாண்டில் அங்கே ரோம அதிகாரியாக இருந்த பிளினி, தங்கச் சுரங்க வேலையை விவரித்திருக்கிறார். பாறையைத் தீ மூட்டியும் காடி ஊற்றியும் பிளப்பார்கள். குகைக்குள் புகை அடைத்து மூச்சு முட்டும் என்பதால், சுமார் 50 கிலோ இரும்பு பொருத்திய கருவியால் இடித்து உடைப்பதும் உண்டு. உடைத்த கல்லைத் தோளில் சுமந்து, இருட்டில் ஆள் மாற்றி ஆள் கடத்துவார்கள். வரிசையின் கடைசி ஆள் கண்ணில்தான் வெளிச்சம் படும். லியோன் மாகாணத்து லாஸ் மெதுலாஸில் இப்படிக் குடைந்த மலைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு மலையையே சரித்தார்கள். இன்று பயணிகள் படமெடுக்கும் அந்தச் செம்மண் குன்றுகள், அன்று இடித்த மலையின் மிச்சம்.

அடுத்தது அல்மதேன். உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கம் இருந்த ஊர். மெக்சிகோவில் வெள்ளியைப் பிரித்தெடுக்க இங்கிருந்துதான் பாதரசம் கப்பலேறியது. ஆள் கிடைக்காததால், கப்பலில் துடுப்பு வலிக்கத் தண்டிக்கப்பட்ட கைதிகளை இங்கே அனுப்பினார்கள். உலை வேலைதான் கொடுமை. பாதரச ஆவி ஏறி கைகால் ஓயாமல் நடுங்கும். 'பாதரசம் பிடித்தவன் மாதிரி நடுங்குகிறான்' என்பது ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்கும் பேச்சு.

எனக்கு மனசு ஆறாத இடம் ரியோ டின்டோ. 1873-ல் அந்தச் செம்புச் சுரங்கத்தை ஒரு பிரிட்டிஷ் கம்பெனி வாங்கியது. தாதுவை வெட்டவெளியில் மலைபோலக் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை ஊர்மேல் கவிந்து படுத்துக்கொள்ளும். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'போர்வை'. போர்வை இறங்கிய நாளில் வேலை நிற்கும், கூலியும் குறையும். பயிர் கருகியதால் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளரோடு சேர்ந்தார்கள். 1888 பிப்ரவரி 4 அன்று ஆயிரக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளுமாக, ஊர் மன்றத்துக்கு முன்னால் கூடினார்கள். ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13 பேர். ஊராரின் கணக்கு அதைவிட மிக அதிகம். அந்த மாதமே அப்படி எரிப்பதைத் தடுக்க அரசாணை வந்தது, 1890-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். நல்ல காற்று கேட்டதற்காகச் செத்தார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

வடக்கு ஸ்பெயினில் உள்ள அஸ்தூரியாஸின் நிலக்கரித் தொழிலாளர்கள் 1934-ல் ஆயுதமேந்தி எழுந்தார்கள். வேலைநிறுத்தமே குற்றமாயிருந்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், 1962-ல் மியேரெஸ் அருகே ஒரு சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாகாணங்களுக்குப் பரவியது. வேலைக்குப் போகிறவர்களின் வழியில் பெண்கள் மக்காச்சோளம் இறைத்தார்களாம், 'நீங்கள் கோழிகள்' என்று சொல்லாமல் சொல்ல.

2018 முடிவில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. தூசி படிந்து நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய்க்கென்றே ஓவியேதோவில் இருக்கும் தேசிய மையம் இன்னும் இயங்குகிறது.