உபுண்டுவில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதா?

வணக்கம் நண்பரே. விண்டோஸுக்குப் போய்விட்டு உபுண்டுவுக்குத் திரும்பினால் நேரம் சரியாக 5.30 மணி கூடுதலாகக் காட்டுகிறது, மதர்போர்டு பேட்டரியை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். பேட்டரிக்கு வீணாகச் செலவழித்துவிட்டீர்கள். பழைய பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியே பல வருஷம் பின்னால் போயிருக்கும். 5.30 என்பது இந்திய நேரத்துக்கும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் இந்திய நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கும், அதில் உள்ளது யூடிசி என்று உபுண்டு போன்ற லினக்ஸ் நினைக்கும். விண்டோஸ் காலை 10 என்று எழுதி வைத்தால், உபுண்டு அதோடு ஐந்தரையைக் கூட்டி மாலை 3.30 என்று காட்டும். இணையம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கு ஆகவில்லை என்றால் செட்டிங்ஸில் தானியங்கி நேரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்தால் 'ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட்: நோ' என்று ஒரு வரி வரும், ஆர்டிசி என்பது அந்த மதர்போர்டு கடிகாரம்தான். முதலில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு, அதே கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' சேர்த்து ஓட்டுங்கள், உபுண்டுவும் அந்தக் கடிகாரத்தில் இந்திய நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் எச்சரிக்கை ஒன்று வரும், பயப்பட வேண்டாம். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில்தான் அது பெரிய தலைவலி.

இன்னொரு வழியாக, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 என வைத்து, விண்டோஸையே யூடிசிக்குப் பழக்குவதும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் சுத்தமான வழி. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், மறுபடி குழம்பிவிடும்.