சிறகு மடித்த கழுகு

அன்புள்ள ஐயா,

கிரேக்கக் கால்பந்தின் தொடக்ககால வீரர் கோஸ்டாஸ் நெக்ரெபோண்டிஸைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத் தேடினேன். மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்றுகூடத் தெளிவாகக் கிடைக்கவில்லை. அவர் ஆட்டக்காரராகப் பெரியவரா, பயிற்சியாளராகவா? பாவம், ஓர் அகதிகள் அணியில் காலத்தைக் கழித்தவர்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோல் கணக்கு கிடக்கட்டும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கோல் அடித்தவனைத் திரும்பியே பார்க்கமாட்டார். பந்தைத் தள்ளிக்கொடுத்தவனைக் கூப்பிட்டுக் கடலைமிட்டாய் தருவார். நான் வளர்ந்தது அந்த மைதானத்தில்.

எனக்கு உறுத்துவது உங்கள் ‘பாவம்’. ஒரு வாரமாக அந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். யாருக்குப் பாவம்? நெக்ரெபோண்டிஸ் கான்ஸ்டான்டினோபிளில் பிறந்தவர், பெரா கிளப்பில் ஆடியவர். பெரா என்றால் தூதரகங்களும் நாடக அரங்குகளும் நிறைந்த பகுதி. துருக்கியோடு நடந்த போருக்குப் பின் அங்கிருந்து அகதிகளாக ஏதென்ஸுக்கு வந்தவர்கள் யார் வீட்டுத் திண்ணையிலும் ஒண்டிக் கிடக்கவில்லை. 1924இல் தங்களுக்கென்று ஏ.இ.கே. என்ற விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் ‘கே’ விட்டுவந்த ஊரின் முதலெழுத்து. 1930இல் ஏதென்ஸை ஒட்டிய நியா ஃபிலடெல்ஃபியாவில் சொந்த மைதானம் திறந்தார்கள். கான்ஸ்டான்டினோபிளை இனி இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று துருக்கி உலகத்துக்குச் சொன்னதும் அதே ஆண்டில்தான். சங்கத்தின் பெயரில் ‘கே’ அப்படியே இருந்தது.

இப்போது 1939க்கு வாருங்கள். கிரேக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஏ.இ.கே.யின் பயிற்சியாளர் நெக்ரெபோண்டிஸ். எதிரே பாவோக்: வட கிரேக்க நகரமான தெசலோனிக்கியில் 1926இல் தொடங்கிய சங்கம், தொடங்கியவர்கள் அதே ஊரை விட்டு வந்தவர்கள், கடைசி எழுத்தும் அதே ‘கே’. இரண்டுக்கும் சின்னம், அந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த பைசாந்தியப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகு. ஏ.இ.கே.யின் கழுகு சிறகை விரித்து நிற்கும். பாவோக்கின் கழுகு மடித்துக்கொண்டிருக்கும்; துக்கத்தால் என்பார்கள். ஒரே ஊரை இழந்தவர்கள் ஒரு கோப்பைக்காக எதிரெதிரே நின்றார்கள் ஐயா! 2-1 என்று ஏ.இ.கே. வென்றது. அந்த ஆண்டு லீக் பட்டமும் அவர்களுக்கே. கிரேக்கத்தில் ஒரே பருவத்தில் இரண்டையும் வென்ற முதல் அணி அது. 1940இல் மறுபடியும் லீக். அக்டோபரில் இத்தாலி படையெடுத்தது, ஆட்டம் நின்றது.

பாவம் என்று இன்னொரு முறை எழுதினால் உங்கள் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

ஆட்டக்காரரா பயிற்சியாளரா என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இரண்டு கழுகுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.