விளம்பரத்தில் ‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று போடலாமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலுள்ள உங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுமையாக வாடகைக்கு விட இருப்பதாகவும், விளம்பரத்தில் ‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று குறிப்பிடலாமா, வருகிறவர்களிடம் எதையெல்லாம் சரிபார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் வீடு வாடகைக்கு விடுபவன் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டு உரிமையாளர் ஒருவர் இனம் பார்த்து வாடகைதாரரை மறுப்பதை நேரடியாகத் தடைசெய்யும் தனிச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. 2025ல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வேலை தொடர்பானது மட்டுமே. ஆனால் முகவர் வழியாக விளம்பரம் செய்தால் நிலைமை வேறு. இனம், சமயம் ஆகியவற்றின் பேரில் ஒரு பிரிவினரை ஒதுக்கும் விளம்பரத்தைப் பதிவுபெற்ற முகவர் வெளியிடக்கூடாது என்பது, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ மன்றத்தின் நிலைப்பாடு. உரிமையாளர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரியைப் பார்த்துக் கொதிக்கிற நாம், ‘இந்தியருக்கு மட்டும்’ என்று எழுதும்போது அதே வேலையைத்தான் செய்கிறோம் என்பது என் கருத்து. வீட்டில் அசைவம் சமைக்கக்கூடாது என்பது உங்கள் கவலையானால் அதையே நிபந்தனையாக எழுதுங்கள். அதை ஏற்பவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம்.

மேலும், நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் குடும்பம் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்ததாக இருந்தால், அதற்கு வீட்டை விட முடியாமலே போகலாம். ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் வரம்பு வைக்கும், 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை வீட்டை வாங்கி விற்பதற்கு உரியது. பலர் அதை வாடகையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முழு வீட்டை வாடகைக்கு விடும்போது பார்க்க வேண்டியது, சிங்கப்பூரரோ மலேசியரோ அல்லாத குடும்பங்களுக்கான வரம்பு: வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. உங்கள் புளோக்கில் அது நிரம்பியிருந்தால் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் விட முடியும். விளம்பரத்துக்கு முன்பே வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சரிபார்ப்பில் தவறவே கூடாத ஒன்று குடிநுழைவு நிலை. வெளிநாட்டவரின் அனுமதி அட்டையின் அசலை வாங்கிப் பார்த்து, அதைக் கடப்பிதழோடு ஒப்பிட்டு, அது செல்லுபடியாகிறதா என்பதை மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் உறுதிசெய்ய வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்; சட்டவிரோதக் குடியேறிக்கு இடம் கொடுத்ததாக நிரூபணமானால் சிறைத்தண்டனைவரை போகும். ஒவ்வொரு வாடகைக் காலமும் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும், வாடகைக் காலம் தொடங்குமுன் வீவகவின் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

வேலை, வருமானம், எத்தனை பேர் தங்குவார்கள், எவ்வளவு காலம் என்பவற்றைக் கேட்பதில் தவறில்லை, எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கும்வரை. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை நகலை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஆள் முடிவான பிறகு கேட்டால் போதும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்ற முன்பண வழக்கத்தையும், வந்தவரின் நாட்டைப் பார்த்து மாற்றாதீர்கள்.