பலெர்மோவில் நடந்தும் தின்றும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் இருபது வருடமாக இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். உரிமம் பெற்ற வழிகாட்டியாகச் சந்தைகளையும் பழைய நகரத்தையும் நடந்தே காட்டுவது என் வேலை. கேள்விகள் நிறைய வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். விமானம், விசா, தங்குமிடம் எல்லாம் வேறு ஆட்களைக் கேளுங்கள்.

கோவையிலிருந்து: மூன்று மணி நேரம் உணவு நடை என்கிறார்கள். சந்தைக்கு நாமே போய் வாங்கித் தின்றால் ஆகாதா?

தாராளமாக ஆகும். பல்லாரோ சந்தைக்குள் நுழைவதற்கு யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே தின்றுவிட்டு வருவீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

சந்தை ஓரத்தில் ஒருவர் சாய்வாக வைத்த பெரிய சட்டிக்கு முன்னால் நிற்பார். சட்டியின் தாழ்ந்த பக்கத்தில் பன்றிக்கொழுப்பு உருகிக் கிடக்கும். மேட்டுப் பக்கத்தில் அவித்து மெல்லிசாகச் சீவிய மாட்டு மண்ணீரலும் நுரையீரலும் காத்திருக்கும். ஆள் வந்து கேட்டதும் ஒரு பிடியைக் கொழுப்புக்குள் தள்ளி, சுட்டதும் முள்கரண்டியால் அள்ளி, கொழுப்பை ஒட்ட வடித்து, எள்ளுத் தூவிய வட்டப் பாணின், அதாவது ரொட்டியின், வயிற்றில் வைப்பார். 'ஸ்கெத்து' என்றால் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, மட்டும் பிழிவார். அந்தச் சொல்லுக்குக் கல்யாணமாகாதவன் என்று அர்த்தம். 'மரித்தாத்து' என்றால் கல்யாணமானவன், அதாவது மேலே ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடையோ துருவிய பாலாடைக்கட்டியோ சேரும். இதுதான் பானி கா மேவுசா. நாங்கள் யாழ்ப்பாணத்தில் பாண் என்பது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். இவர்களுடைய பானியும் அதுவும் ஒரே லத்தீன் வேரில் வந்தவை. வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியாததற்கு அந்த ஒரு சொல்லும் காரணம்.

இதை ஏன் உறுப்பு இறைச்சியில் செய்கிறார்கள்? இங்கிருந்த யூதக் கசாப்புக்காரர்கள் அறுப்பதற்குக் கூலியாகப் பணம் வாங்குவதில்லை, குடலும் ஈரலும்தான் வாங்கினார்கள், அதை விற்றுக் காசாக்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அது கதை. கதையாகவே கேளுங்கள். ஆனால் யூதர்கள் இருந்தது கதையல்ல. 1492இல் ஸ்பானிய அரசர் போட்ட வெளியேற்றக் கட்டளை சிசிலிக்கும் சேர்ந்தது. அவர்கள் போய்விட்டார்கள், தெரு இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தெருப் பலகைகளில் இன்று இத்தாலியன், எபிரேயம், அரபு மூன்றும் எழுதியிருக்கிறது. பாணைக் கையில் பிடித்துக்கொண்டே அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நல்ல வழிகாட்டி அதற்காகத்தான்.

திருச்சியிலிருந்து: அக்கா, நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். பனெல்லேயில் ஆரம்பியுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி கிண்டுவது போல் கிண்டி, பார்ஸ்லி இலை சேர்த்து, தட்டிப் பரப்பி ஆறவைத்து, வெட்டி எண்ணெயில் பொரிப்பது. கடித்தவுடன் நம்முடைய நாக்கு அடையாளம் கண்டுகொள்ளும். கூடவே உருளைக்கிழங்கில் செய்த குரோக்கே. பிறகு கப்போனாத்தா: கத்தரிக்காய், செலரி, ஒலிவ், கேப்பர், புளிக்காடி, சீனி. எங்கள் இலங்கைக் கத்தரிக்காய் மோஜுவுக்குத் தூரத்து உறவு என்றே நினைக்கிறேன்.

இனிக் கவனிக்க வேண்டியது. ஸ்ஃபின்சோனே என்ற தடித்த பாண், மேலே வெங்காயமும் தக்காளியும்தான் தெரியும். உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். ரிக்கோத்தா அடைத்த குழல் பலகாரமான கன்னோலியின் ஓட்டு மாவில் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். கசாத்தா என்ற கேக்கில் முட்டை உண்டு. பாலாடைக்கட்டிகள் பலவற்றைக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைக்கிறார்கள். பார்க்கச் சைவம், உள்ளே அப்படியில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் தின்று முடித்தபிறகு என்னிடம் கேட்டு முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதாமல் மீன், முட்டை, கொழுப்பு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

துபாயிலிருந்து: எவ்வளவு செலவாகும்?

ஆளுக்கு ஆள் மாறும். விலையைவிட இதைக் கேளுங்கள்: தின்பண்டக் காசு உள்ளேயா வெளியேயா, குழுவில் எத்தனை பேர், வழிகாட்டியிடம் உரிம அட்டை இருக்கிறதா.

தோஹாவிலிருந்து: பலெர்மோ உணவு முழுக்க அரபு உணவு என்று படித்தேன். கன்னோலியை அரண்மனை அந்தப்புரப் பெண்கள் கண்டுபிடித்தார்களாமே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

கல்தனிசெத்தா என்ற ஊரின் பெயரை அரபியில் 'பெண்களின் கோட்டை' என்று பிரிக்கலாம். அதிலிருந்து அந்தப்புரம் வந்தது, அந்தப்புரத்திலிருந்து கன்னோலி வந்தது. ஊர்ப்பெயரைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு ஓட்டு மாவில் பன்றிக்கொழுப்பு, முஸ்லிம்கள் தொடாதது. பத்து வழிகாட்டிகளில் எட்டுப் பேர் இதைச் சொல்வார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஆனால் அரபு வேர் பொய்யல்ல. முஸ்லிம்கள் 831இல் நகரைப் பிடித்தார்கள், 1072இல் வடக்கு பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். அந்த இரண்டரை நூற்றாண்டில் கரும்பும் எலுமிச்சையும் கத்தரிக்காயும் தண்ணீர் பாய்ச்சும் நுட்பமும் இந்த மண்ணில் ஊன்றின. சான்று வேண்டுமா? சிசிலி விவசாயியின் வாயைக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி 'ஜெப்பியா', நீர்ச்சக்கரம் 'செனியா', ஆரஞ்சுப் பூ 'ஸாகரா', எள் 'ஜுஜ்ஜுலேனா'. நான்கும் அரபு. மண்ணீரல் பாணின் மேலிருந்த எள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சொல் பொய் சொல்லாது.

சேலத்திலிருந்து: பாஸ்தாவைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தவர் மார்க்கோ போலோதானே?

இல்லை. அவர் வெனிஸ் திரும்பியது 1295. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1154இல், சிசிலியை ஆண்ட நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜருக்காக அரபு அறிஞர் அல்-இத்ரீசி எழுதிய புவியியல் நூலில், பலெர்மோவுக்கு அருகே திராபியாவில் 'இத்ரிய்யா' என்ற மாவு இழைகளை ஏராளமாகச் செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் இப்படிக் காட்ட முடிய வேண்டும்.

மீண்டும் தோஹாவிலிருந்து: கன்னோலி வேண்டாம், சரி. ஆனால் நீங்கள் அரபுகளின் பங்கைக் குறைத்துப் பேசுகிறீர்கள். கப்போனாத்தா, அரன்சீனா எல்லாம் அவர்களுடையதே.

குறைக்கவில்லை ஐயா. கூட்டித்தான் சொல்கிறேன், வேறு இடத்தில்.

கப்போனாத்தாவின் கத்தரிக்காய் அவர்கள் வழியாக வந்தது. அதே சட்டியில் இருக்கும் தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆகவே 1492க்கு முந்திய கப்போனாத்தா இன்றைய கப்போனாத்தா அல்ல. தக்காளிக் குழம்பு அடைத்துப் பொரித்த சோற்று உருண்டையான அரன்சீனாவும் அப்படியே. ஒரு தட்டை ஓர் இனத்துக்கு எழுதிக்கொடுத்தால் மற்றவர்களின் கை மறைந்துபோகும். அதுதான் என் மனக்குறை.

அரபுகளின் பங்கைப் பார்க்கச் சமையல் குறிப்பைத் தேடாதீர்கள், சுவரையும் கூரையையும் பாருங்கள். கிறிஸ்தவ அரசர் இரண்டாம் ரோஜரின் அரண்மனைத் தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு போல் செதுக்கிய இஸ்லாமியப் பாணி மரக்கூரை. அரபு எழுத்து, இசைக்காரர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள். சுவரெல்லாம் பைசாந்தியப் பொன் மொசைக். பேராலயத்தின் தெற்கு வாசல் தூணில் குர்ஆன் வசனம் இன்றும் இருக்கிறது. 1184 கிறிஸ்துமஸுக்கு இங்கே இருந்த பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்தி, முக்காடிட்டு, மருதாணி பூசித் தேவாலயத்துக்குப் போனதை எழுதிவைத்தார். அரபு ஆட்சி முடிந்து அப்போது நூற்றுப் பன்னிரண்டு வருடம்.

இன்னொன்று. ஸீஸா மாளிகைக்கு யாரும் போவதில்லை, சந்தையோடு நடை முடிந்துவிடுகிறது. நீங்கள் போங்கள். அங்கே ஒரு கல்லறைக் கல் இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு நடுவில் ஒரு பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. நடுவில் சிலுவை. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு, மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. ஒவ்வொன்றிலும் அவரவர் நாள்காட்டிப்படி ஆண்டு. செத்துப்போன அம்மாவைப் பற்றி ஊரில் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறான். அதன் முன்னால் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மதுரையிலிருந்து: அரன்சீனாவா, அரன்சீனோவா? இரண்டு விதமாகவும் பார்க்கிறேன்.

பலெர்மோவில் உருண்டை, பெண்பால், அரன்சீனா. சிசிலியின் கிழக்குக் கரை நகரான கத்தானியாவில் பெரும்பாலும் கூம்பு, ஆண்பால், அரன்சீனோ. இத்தாலிய மொழிக்கான குரூஸ்கா அகாதெமி இரண்டும் சரி என்று சொல்லிவிட்டது, சண்டை ஓயவில்லை. பலெர்மோக் கடையில் 'ஓ' போட்டுக் கேட்டால் திருத்துவார்கள்.

அதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பெயரின் அர்த்தம் குட்டி ஆரஞ்சு. இத்தாலியனில் அரன்சா, அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்குத் திராவிட வேர், நம் நாரத்தையின் உறவு, என்று மொழியறிஞர் பலர் சொல்கிறார்கள். டிசம்பர் 13, புனித லூசியா நாளில் வாருங்கள். அன்று பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள், ஊர் முழுக்க அரன்சீனாதான்.

பெங்களூரிலிருந்து: நாங்கள் சைவம், கன்னோலி சாப்பிடலாமா?

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். பன்றிக்கொழுப்பு. சில கடைகளில் வெண்ணெயில் செய்கிறார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டொரன்டோவிலிருந்து: மாஃபியா இடங்களைக் காட்டும் நடை உண்டா? படத்தில் வருவது போல?

படத்தில் வருவது போலக் காட்டும் நடைக்கு நான் வரமாட்டேன், உங்களையும் போகவேண்டாம் என்பேன். 1992 மே 23இல் நீதிபதி ஃபால்கோனேயையும், ஜூலை 19இல் நீதிபதி போர்செல்லினோவையும் மாஃபியாக்காரர்கள் குண்டு வைத்துக் கொன்றார்கள். நீங்கள் வந்திறங்கும் விமான நிலையத்துக்கு அவர்கள் இருவரின் பெயர்தான். அந்தத் துக்கத்தோடு வாழ்கிற ஊர் இது. துப்பாக்கி பிடித்த ஆள் பொம்மையைக் குளிர்பெட்டியில் ஒட்ட வாங்கிப் போகாதீர்கள். உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 2004இல் இளைஞர்கள் தொடங்கிய 'அத்தியோபித்ஸோ' இயக்கத்தைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். மாஃபியாவுக்குக் கப்பம் கட்ட மறுத்த கடைகள் அதில் சேர்ந்தன. அப்படிப்பட்ட கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சென்னையிலிருந்து: அம்மாவுக்கு எழுபது வயது. நடக்க முடியுமா?

முடியும், மேடு அதிகமில்லை. ஆனால் பழைய தெருக்களில் பாவிய கல் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது, மழை விழுந்தால் வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பில்லாமல் கூட்டிவராதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் நடையே வேண்டாம். காலை உணவையும் தவிர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், ஆறு இடத்தில் தின்ன வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து: வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டோம். சைவத்தில் என்ன...

சைவம் பற்றி இதுதான் கடைசி. பனெல்லே, பழம், வறுத்த பாதாம், சாற்றைப் பனிக்கட்டித் துருவலாக உறைய வைத்த எலுமிச்சை கிரனீத்தா. வெங்காயம் இந்த ஊரில் ஆயிரம் வருடப் பழக்கம். 973இல் வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், இவர்கள் காலையும் மாலையும் பச்சை வெங்காயம் தின்பதாகக் கோபித்து எழுதியிருக்கிறார். கடைக்காரரிடம் வெங்காயத்தை நீக்கச் சொல்லி நிற்காதீர்கள், ஏற்கெனவே செய்து வைத்தது அது.

லண்டனிலிருந்து: பலெர்மோவில் எங்கட ஆட்கள் இருக்கினமாமே, உண்மையா?

இருக்கிறோம், வடிவாக இருக்கிறோம். பல்லாரோப் பக்கம் நடக்கும்போது காதில் தமிழ் விழும்.

நடையில் வருபவர்களுக்கு நேரமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரீனோ மலைக்குப் போகச் சொல்வேன். மேலே குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அவளுடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துவந்தார்கள், நோய் நின்றது என்பது நம்பிக்கை. ஜூலை 14 இரவு அவளுக்குத் திருவிழா, பூண்டும் பார்ஸ்லியும் போட்டுச் சமைத்த நத்தையை அன்று ஊரே தின்னும். மலைக்கோ நம்மவர்கள் வருடம் முழுக்கப் போகிறார்கள், கத்தோலிக்கரும் இந்துக்களும். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுபவர்களும் உண்டு. குகைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரத் தகடுகளால் வளைத்துப் பிடித்திருக்கிறார்கள். முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது நானும் ஏறினேன். அடிவாரத்திலிருந்து பழைய கல்பாதை வழியாகப் போங்கள், காலை ஏழு மணிக்கு முன்.