கார் சார்ஜருக்கு வீட்டு மின்சாரம் தாங்குமா?

*கெய்சருக்குப் போட்ட 15 ஆம்ப் பிளக்கிலேயே காரை சார்ஜ் செய்யலாமா? (மதுரை)*

அந்த பிளக்கில் வேண்டாம். கெய்சர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். 3.3 கிலோவாட் கார் சார்ஜரோ 14 ஆம்பியரை இரவு முழுக்க இழுக்கும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் பத்து மணி நேரம் ஆகும். சாக்கெட்டின் திருகு சற்றே தளர்ந்து 0.1 ஓம் மின்தடை உண்டானாலும் போதும், அந்த ஒரே இடத்தில் 20 வாட் வெப்பம் இடைவிடாமல் பிறக்கும். முதலில் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும். உங்கள் கெய்சர் பிளக்கில் அந்தப் பழுப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுக்க வேண்டும். 4 சதுர மி.மீ. செம்பு வயர், சுமை மீறினால் தானே அணையும் 20 ஆம்ப் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி அறவே கூடாது.

*சார்ஜரில் எர்த் பழுது என்று சிவப்பு விளக்கு எரிகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் சரியாகும் என்கிறார் எலக்ட்ரீசியன். செய்யலாமா? (தஞ்சாவூர்)*

தயவுசெய்து செய்யாதீர்கள். விளக்கு அணையும், ஆபத்து அணையாது. தெருக் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் எப்போதாவது அறுந்தால், அந்த இணைப்பு வழியாகக் காரின் உடம்புக்கே 230 வோல்ட் வந்துவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவர் உங்கள் குழந்தையாகவும் இருக்கலாம். அந்த சார்ஜர் உண்மையைச் சொல்கிறது. பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும், அது புதைந்திருக்கும் குழி காய்ந்து கிடக்கும். புதிய எர்த் குழி போட்டு, அதன் மின்தடையை எர்த் டெஸ்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

*சிங்கிள் ஃபேஸ் வீடு. 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கலாமா? (திருநெல்வேலி)*

அது 32 ஆம்பியர் இழுக்கும். நம் மாநிலத்தில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு பொதுவாக 4 கிலோவாட் வரைதான். ஆகவே மின்வாரியத்தில் விண்ணப்பித்து, த்ரீ ஃபேஸுக்கு மாறி, சுமையையும் கூட்ட வேண்டும். ஆனால் உங்களுக்கு அது தேவையா? தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் செலவாவது ஆறேழு யூனிட். 3.3 கிலோவாட் சார்ஜரே இரண்டரை மணி நேரத்தில் அதை ஏற்றிவிடும். என் யோசனை, இப்போதைக்குச் சின்ன சார்ஜரே போதும். ஆனால் பின்னாளில் பெரிய சார்ஜருக்கு மாற வசதியாக வயரை மட்டும் 6 சதுர மி.மீ. போட்டுவையுங்கள்.

த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல். 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் ஓடும். ஏசியையும் மோட்டாரையும் மற்ற இரண்டுக்கு மாற்றுங்கள். ஒரு ஃபேஸ் போனதும் செலக்டர் சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் ஒன்றில் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கார் சார்ஜாகும்போது அது வேண்டாம்.

*இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாமா? (சேலம்)*

கூடாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது.

*தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடம். மழை வெள்ளம் வரும் பகுதி. சார்ஜரை எங்கே பொருத்துவது? (வேளச்சேரி)*

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சார்ஜர், சாக்கெட், எம்.சி.பி. மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். லைனை அணைக்கும் சுவிட்ச் மாடியில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் இறங்காமலே நிறுத்திவிடலாம்.